முதல் நாவலே ஐந்து பாகம் வேண்டாம்: தமிழ் வெகுஜன நாவல்களுக்குள் புதிதாக நுழைபவருக்கு

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் வாங்கி, முதல் பாகத்தின் இருபதாவது அத்தியாயத்தில் பக்க அடையாளச் சீட்டைச் செருகிவிட்டு, அப்படியே அலமாரியில் வைத்தவர்கள் ஏராளம். குறை அவர்களிடமும் இல்லை, கல்கியிடமும் இல்லை. பெரும்பாலும் தவறான பதிப்பு, தவறான வரிசை, தவறான வேகம். இந்த மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டால் காசும் மிச்சம், நாளும் மிச்சம்.

நெடுநாள் தமிழ் படிக்காமல் இருந்துவிட்டு இப்போது திரும்ப வருகிறவர்களையும், ஆங்கில வழியில் படித்துவிட்டு முதல் தமிழ் நாவலைத் தேடுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. யார் பெரிய எழுத்தாளர் என்ற பஞ்சாயத்து இங்கே இல்லை.

1. உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

கையில் கிடைக்கும் ஏதாவதொரு தமிழ்க் கதையில் பத்துப் பக்கம் படியுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால் எந்த நாவலையும் தொடலாம். அரை மணி நேரம் ஆனால் முதல் இரண்டு மாதம் 200 பக்கத்துக்கு மேற்பட்ட எதையும் தொடாதீர்கள்.

இந்தக் கணக்கு எதற்கு? 'பொன்னியின் செல்வன்' மொத்தம் 293 அத்தியாயம். ஒரு அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றாலே 73 மணி நேரம். தினம் இரண்டு அத்தியாயம் வீதம் படித்தால் ஐந்து மாதம் ஆகும். இது தெரியாமல் 'ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்' என்று தொடங்குகிறவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் சோர்ந்து போகிறார்கள். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய இந்தத் தொடர் முடிய மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அன்றைய வாசகர் வாரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். அந்தச் சின்ன அளவுக்குத்தான் ஒவ்வொரு அத்தியாயமும் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படித்தால், அத்தியாயக் கடைசியில் வரும் திடுக்கிடல்கள் ஒன்றையொன்று மழுங்கடித்துவிடும்.

2. முதல் புத்தகத்தை மொழி பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கதை பிடிக்குமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வாக்கியம் தடுக்கக் கூடாது.

பேச்சுத் தமிழும் ஆங்கிலச் சொற்களும் பழகியவருக்கு சுஜாதாதான் நல்ல வாசல். வாக்கியம் குட்டை, உரையாடல் அதிகம், வர்ணனை இரண்டு வரியில் முடிந்துவிடும். 'கரையெல்லாம் செண்பகப்பூ' சரியான தொடக்கம். நாட்டுப்பாடல் ஆராய வந்த கல்யாணராமன் ஒரு பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான் என்பதற்கு மேல் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம். அடுத்து, வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் துப்பறியும் 'கொலையுதிர் காலம்'. ஜீனோ என்ற இயந்திர நாயின் பெயரைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் 'என் இனிய இயந்திரா'வை முதலிலும் 'மீண்டும் ஜீனோ'வை இரண்டாவதாகவும் படிக்க வேண்டும். கடையில் இரண்டாவது மட்டும் கிடைத்தால் வாங்கிவிடாதீர்கள். 'பிரிவோம் சந்திப்போம்' நாவலுக்கும் இரண்டு பாகம் உண்டு. முதல் பாகத்தோடு கதை முடிந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்றால், மாத இதழ் போல மாதாமாதம் சிறு புத்தகமாக வரும் மாத நாவல்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் இரண்டு மணி நேரத்தில் முடியும் அளவு. ராஜேஷ்குமாரிடம் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அவருடைய பல நாவல்களில் இரண்டு தடங்கள் மாறி மாறி வரும். முதல் அத்தியாயம் ஒரு ஊரில், ஒரு குடும்பத்தில் நடக்கும். இரண்டாவது அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களோடு தொடங்கும். கடைசியில்தான் இரண்டும் சேரும். இதைப் பாதியில் மூடிவைத்து நான்கு நாள் கழித்து எடுத்தால் யார் யாரென்றே தெரியாது. ஒரே நாளில் முடியுங்கள். முடியாவிட்டால் அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, ஒற்றைப்படை அத்தியாய ஆட்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை ஆட்களை மறுபக்கமும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவர்கள் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஜோடிகள் உண்டு: விவேக்-ரூபலா என்றால் ராஜேஷ்குமார், பரத்-சுசீலா என்றால் பட்டுக்கோட்டை பிரபாகர், நரேந்திரன்-வைஜயந்தி என்றால் சுபா. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த நாவல் யாருடையது என்று கண்டுபிடிக்க இந்த மூன்று ஜோடியும் போதும். சுபா என்பது இருவர் சேர்ந்து எழுதும் பெயர்.

பாலகுமாரனை முதல் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டாம். மனசுக்குள் ஓடும் பேச்சு பக்கம் பக்கமாக வரும். அதற்குப் பழகியபின் 'மெர்க்குரிப் பூக்கள்', 'இரும்புக் குதிரைகள்' இரண்டையும் தொடலாம். முன்னதில் ஆலை வேலைநிறுத்தம், பின்னதில் லாரித் தொழில். தொழிலிடத்து விவரம் இவ்வளவு நெருக்கமாக வருவது வெகுஜன நாவல்களில் அபூர்வம். ஆறு பாக 'உடையார்' அப்புறம்.

சரித்திர நாவல்கள் எழுதிய சாண்டில்யனுக்கு ஒரு தனி உத்தி. 'கடல் புறா' மூன்று பாகம், 'யவன ராணி' இரண்டு பாகம். வாக்கியம் அரைப் பக்கம் நீளும். கதாநாயகியின் வர்ணனை வந்தால் அடுத்த உரையாடல்வரை தாண்டிவிடலாம், கதையில் ஒன்றும் குறையாது. கடற்போரும் தந்திரமும் வரும் பக்கங்களைத் தாண்டாதீர்கள். ஆள் அங்கேதான் நிற்கிறார்.

3. கல்கியைப் படிக்கும் வரிசை

'பார்த்திபன் கனவு' முதலில். மூன்று பாகம், ஆனால் சிறியவை. அடுத்து 'சிவகாமியின் சபதம்', நான்கு பாகம். கடைசியாக 'பொன்னியின் செல்வன்'.

கதை நடக்கும் காலப்படி 'சிவகாமியின் சபதம்'தான் முந்தியது, ஆகவே அதை முதலில் படி என்று சிலர் சொல்வார்கள். கல்கி எழுதிய வரிசையில் 'பார்த்திபன் கனவு' முந்தியது. அதில் வரும் சிவனடியார் யார் என்ற புதிர், பல்லவ அரண்மனையை ஏற்கெனவே அறிந்துவிட்டுப் படிப்பவருக்குப் பாதி பலம்தான் தரும். எழுதிய வரிசையிலேயே போங்கள்.

'பொன்னியின் செல்வன்' தொடங்குமுன் ஒரு முழுத்தாளில் சோழர் குடும்பத்தை வரைந்துகொள்ளுங்கள். கண்டராதித்தர், அவர் தம்பி அரிஞ்சயர் மேல் அடுக்கில். அரிஞ்சயருக்குக் கீழே அவர் மகன் சுந்தர சோழர். அதன் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி என்று சுந்தர சோழரின் மூன்று பிள்ளைகள். கண்டராதித்தரின் பக்கத்தில் மதுராந்தகன். பழுவேட்டரையர்கள் இருவர்: பெரியவர், சின்னவர். இந்த இருவரையும் குழப்பிக்கொண்டால் சதிக் காட்சிகள் எதுவும் புரியாது. அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வன், பின்னாளில் ராஜராஜன் மூன்றும் ஒரே ஆள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். தாளை மடித்து முதல் பாகத்துக்குள்ளேயே வையுங்கள். இணையத்தில் தேடினால் குடும்ப மரம் கிடைக்கும்தான். கூடவே யார் எப்போது எப்படிச் சாகிறார் என்பதும் கண்ணில் படும்.

2022, 2023இல் வந்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள், கதை தெரியும் என்று நடுப்பாகங்களைத் தாண்டுவது வழக்கம். வேண்டாம். நாவலின் கடைசிப் பகுதி தங்கியிருக்கும் ஒரு முக்கிய முடிச்சு படத்தில் இல்லவே இல்லை.

4. பதிப்பைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாயின. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டதால் ஒரே நாவலுக்குப் பல பதிப்புகள் சந்தையில் உண்டு. விலையும் அப்படித்தான்: ஐந்து பாகத் தொகுப்பு மலிவுப் பதிப்பில் சில நூறு ரூபாயில் தொடங்கி, கெட்டி அட்டை, படங்கள் என்று போகப் போக 2,000 ரூபாயையும் தாண்டும். மலிவானது எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. சோதித்து வாங்க வேண்டும். கடையிலேயே ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனைதான்.

முதலில் அத்தியாய எண்ணிக்கை. ஐந்து பாகத்துக்கும் முறையே 57, 53, 46, 46, 91 இருக்க வேண்டும். ஐந்தாம் பாகம் மற்றவற்றைவிட மிகப் பெரியது. அதனால் சில பதிப்புகளில் அதை இரண்டாகப் பிரித்து ஆறு புத்தகமாகக் கட்டியிருப்பார்கள், அது தவறில்லை. ஆனால் ஐந்து பாகமும் 'ஒரே நூலில்' என்று 400 பக்கப் புத்தகம் இருந்தால் அது சுருக்கம். அட்டையில் 'சுருக்கம்' என்ற சொல் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் மட்டும் இருக்கும். இணையக் கடைகளில் அதிகம் ஏமாறுவது இதில்தான். வாங்குமுன் மொத்தப் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். சித்திரக்கதையும் அதே பெயரில் விற்கிறது.

அடுத்து, ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கல்கியின் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். கதை முடிந்தபின் இன்னின்னார் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அவரே பதில் சொல்லும் பகுதி அது. காகிதம் மிச்சம் பிடிக்கும் பதிப்புகளில் முதலில் போவது அதுதான்.

மூன்றாவது, அச்சு. நடுவில் எங்காவது ஒரு பக்கத்தைத் திறந்து முழுதாகப் படியுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழை இருந்தால் கீழே வையுங்கள். ஒற்று விடுபடுவதும், ரகரம் றகரம் மாறுவதும், உரையாடல் குறி திறந்து மூடாமல் போவதும் மறுதட்டச்சில் வரும் குறைகள். எழுத்து பொடியாக, ஓரம் குறுகலாக இருந்தால் 73 மணி நேரக் கண்வலியை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, ஃபாரம். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகி மடிக்கப்பட்டுச் சேர்க்கப்படுகிறது. கட்டும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போகும், அல்லது ஒரே ஃபாரம் இரண்டு முறை வரும். பக்க எண் 96இலிருந்து 113க்குத் தாவியிருந்தால் அதுதான் காரணம். எல்லாப் பக்கத்தையும் கடையில் எண்ண முடியாது. ஆகவே பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தொகுப்பாக வாங்கினால் வீட்டுக்கு வந்த அன்றே ஐந்து பாகத்தின் பக்க எண்களையும் விரலால் தள்ளிப் பார்த்துவிடுங்கள். நான்காம் பாகத்துக்கு மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்து, அங்கே பதினாறு பக்கம் இல்லையென்றால் எந்தக் கடைக்காரரும் மாற்றித் தரமாட்டார்.

மணியம் வரைந்த மூலப் படங்கள் வேண்டும் என்பவர்கள், 'படங்களுடன்' என்ற வாசகத்தை மட்டும் நம்பாமல் ஓவியர் பெயரைப் பாருங்கள். பிற்காலத்தில் வேறு ஓவியர்கள் வரைந்தவையும் அந்த வாசகத்தோடு வரும்.

5. இலவசமாகக் கிடைப்பதும், கிடைக்கக் கூடாததும்

நாட்டுடைமையான படைப்புகளைச் சட்டப்படியே இலவசமாகப் படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மூன்றிலும் தேடுங்கள். கல்கியின் சரித்திர நாவல்கள் கிடைக்கும். விக்கிமூலத்திலிருந்து மின்னூலாகவும் இறக்கிக்கொள்ளலாம். மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பழைய அச்சின் பக்கப் படங்கள். கோப்பு பெரிது, கைப்பேசியில் படிப்பது கடினம்.

நாட்டுடைமை ஆகாதவற்றுக்கு எளிய கணக்கு உண்டு. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். 'துப்பறியும் சாம்பு' எழுதிய தேவன் மறைந்தது 1957. உரிமை 2017 கடைசியோடு முடிந்தது. சாண்டில்யன் 1987; ஆக 2047 முடிய. சுஜாதா 2008, ஆக 2068 முடிய. ஆகவே குழுக்களில் சுற்றும் சுஜாதா பி.டி.எஃப். கோப்புகள் எல்லாம் திருட்டுப் பிரதிகள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவற்றில் பக்கம் விடுபட்டிருப்பதும் சர்வ சாதாரணம். துப்பறியும் நாவலில் கடைசி நாலு பக்கம் இல்லாமல் போவதைவிடக் கொடுமை உண்டா?

ஒரு விஷயம் கவனம்: நாட்டுடைமை என்பது மூல எழுத்துக்குத்தான். பதிப்பகம் புதிதாகச் சேர்த்த முன்னுரை, ஓவியம் இவற்றின் உரிமை தனி. கல்கி நாவலை ஒலிநூலாகப் படித்து வெளியிட நினைப்பவர்கள் மூலத்தை மட்டும் படிக்க வேண்டும்.

6. நூலக உறுப்பினர் அட்டை

தமிழ்நாட்டில் வெகுஜன நாவலுக்கு மிக மலிவான வழி இன்றும் கிளை நூலகம்தான். பழைய நாவல்களின் கெட்டிக் கட்டுப் பிரதிகள் அங்கே வரிசையாக இருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: முகவரி உள்ள அடையாள அட்டையின் அசலும் நகலும், இரண்டு புகைப்படம், காப்புத்தொகைக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் சில்லறை. எத்தனை புத்தகம் எடுக்கப் போகிறீர்கள் என்பதற்கேற்பக் காப்புத்தொகை மாறும். விலகும்போது அது திரும்பக் கிடைக்கும், ரசீது இருந்தால். ரசீதைக் கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். சில நூலகங்களில் பிணைக் கையெழுத்து கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் விண்ணப்பப் படிவத்தை முதல் நாளே வாங்கிவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் போவது நல்லது.

நாள் பார்த்துப் போங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வெள்ளியன்று போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

பல பாக நாவலில் ஒரு பொறி: இரண்டாம் பாகம் வெளியே போயிருக்கும். முதல் பாகத்தை எடுக்குமுன் மற்ற பாகங்கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவணை பொதுவாக இரண்டு வாரம். அதற்குள் முடியாது என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், ஆனால் தவணை முடியும் முன்பே போக வேண்டும்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய இடங்களுக்குப் போய் உட்கார்ந்து படிக்கலாம். எந்த ஆசிரியர் ஒத்துவருகிறார் என்று ஆளுக்கு முப்பது பக்கம் புரட்டிப் பார்க்க அரை நாள் அங்கே செலவழித்தால், வீணாக வாங்கும் நாலு புத்தகம் மிச்சமாகும்.

7. பழைய புத்தகக் கடை

சென்னையில் மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, கோவையில் உக்கடம். மாத நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒன்றிரண்டாகக் கேட்டால் விலை ஏறும், பத்தாகக் கேட்டால் இறங்கும்.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தலைப்பு. ஒரே கதை வேறு பெயரில் மறுபதிப்பு வருவதும், இரண்டு சிறு நாவல் ஒரே அட்டையில் வருவதும் உண்டு. சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' முதலில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற பெயரில் தொடங்கி, எதிர்ப்பால் நின்று, பிறகு புதுப் பெயரில் வந்தது என்பது வேறு கதை. மாத நாவல்களில் இது வெறும் வியாபாரம். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு, வீட்டில் கட்டிய தொடர்கதைத் தொகுப்பு. வார இதழிலிருந்து கிழித்து, நூல் கோத்து, பைண்டு பண்ணியது. மூல ஓவியத்தோடு வருவதால் இதற்குத் தனி மதிப்பு, விலையும் அதற்கேற்ப. அத்தியாய எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். யாரோ ஊருக்குப் போயிருந்த வாரம் ஒன்று கட்டாயம் விடுபட்டிருக்கும்.

மூன்று, எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பிரதிகளில் லை, ளை, னை, ணை நான்கும் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் ஒரே எழுத்தாகச் சுழிந்திருக்கும். புதிதாகப் படிப்பவர் இவற்றை அச்சுப்பிழை என்று நினைத்துவிடுகிறார். ஏழு வடிவத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ஐம்பது பக்கத்துக்குள் கண் பழகிவிடும்.

8. வாங்க ஏற்ற நேரம்

பெரிய தொகுப்பு என்றால் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிவரை காத்திருங்கள். கோவை, ஈரோடு, மதுரை என்று மாவட்டந்தோறும் நடக்கும் காட்சிகளும் இருக்கின்றன. எல்லா அரங்கிலும் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம். அதைவிடப் பெரிய லாபம், ஒரே நாவலின் பல பதிப்புகளைப் பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வார இறுதி மாலையில் போனால் நிற்க இடம் இருக்காது. வேலைநாள் மதியம் போங்கள்.

தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவை முதலில் கேளுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது, பழைய கணக்கு செல்லாது. ஐந்து பாகத் தொகுப்பின் எடைக்குத் தள்ளுபடி முழுதும் அதிலேயே போய்விடும்.

9. படித்ததைக் குறித்துவைப்பது

ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம் போதும். தலைப்பு, பதிப்பு ஆண்டு, முடிக்க எத்தனை நாள், எந்த அத்தியாயத்தில் தொய்வு, எந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. கதைச்சுருக்கம் எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். அதற்குப் பதில், அத்தியாயம் எந்த வரியில் முடிகிறது என்று மட்டும் பத்து அத்தியாயத்துக்குக் குறித்துப் பாருங்கள். கதவு தட்டப்படும், கடிதம் பிரிக்கப்படும், முகத்திரை விலகும். ஒவ்வொரு ஆசிரியருக்கும் கைவந்த இரண்டு மூன்று வித்தை தெரியவரும். காதல் நாவல்களுக்குப் பெயர்போன ரமணிசந்திரனிடம் அது ஒரு தவறான புரிதலாக இருக்கும், சாண்டில்யனிடம் இருட்டில் கேட்கும் ஒரு சிரிப்பாக இருக்கும்.

குறிப்பை வெளியிடுவதானால், விமர்சனத்துக்காக அளவாக மேற்கோள் காட்டப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அத்தியாயத்தையே தட்டச்சு செய்து போட இடம் தரவில்லை. கொலைகாரர் யார் என்பதை எழுதுவதைச் சட்டம் தடுக்காது, நண்பர்கள் தடுப்பார்கள்.

10. நடுவில் நின்றுபோனால்

ஒரு வாரத்துக்கு மேல் தொடவில்லையென்றால், நின்ற இடத்தில் தொடங்காமல் மூன்று அத்தியாயம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தொடர்கதை எழுதியவர்கள் முந்தைய வாரத்தை வாசகர் மறந்திருப்பார் என்று தெரிந்தே எழுதியதால், உள்ளேயே நினைவூட்டல் வைத்திருப்பார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு முறை அப்படிச் செய்தும் நகரவில்லை என்றால், அந்த நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அலமாரியிலிருந்து 120 பக்கத் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்து வாருங்கள்.